காலி வீதியில் நிற்காமல் இருபது நிமிடம்

நுரையீரல் கிளினிக்கில் எனக்கு ஒரு கொப்பி தந்திருக்கிறார்கள். தினமும் இருபது நிமிடம் நடந்துவிட்டு அதில் எழுத வேண்டும்.

"கதைச்சுக்கொண்டு நடக்கக்கூடிய வேகத்தில நடவுங்கோ" என்றாள் அங்குள்ள நேர்ஸ்.

எங்கள் வெள்ளவத்தைக் காலி வீதியில் கதைக்க ஆளா இல்லை? மரக்கறிக்கடை வாசலில் ஒருவர், கோயிலடியில் இருவர். ஒரு மாதமாகக் கொப்பியில் நாற்பது நிமிடம் என்று பெருமையாக எழுதிவந்தேன்.

போன கிழமை நேர்ஸ் கொப்பியைப் பார்த்தாள். என்னைத் தாழ்வாரத்தில் நடக்கவிட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அன்ரி, நீங்கள் றோட்டில நிக்கிறது கதைக்கவோ, மூச்செடுக்கவோ?"

கொப்பியை வாங்கிப் பைக்குள் வைத்தேன். இளைப்பு வரும்போதெல்லாம் யாரையாவது மறித்து ஊர்க்கதை கேட்பது என் பழக்கம். அது வீட்டில் உள்ளவர்களுக்கே தெரியாது.

இன்று காலை காலி வீதியில் பள்ளித் தோழி வசந்தி எதிரே வந்தாள். நிற்கப் பார்த்த கால்களை நிற்கவிடாமல், முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன்.

"எனக்கு நுரையீரல் வருத்தமப்பா. இடையில நிக்காமல் நடந்து பழகவேணும். கதைக்கிறதெண்டால் கூட வாரும்."

வந்த வழியே திரும்பி என்னோடு நடந்தாள். அவளுடைய மகளின் கலியாணக் கதை பாலத்தைத் தாண்டியபோது என் கையைப் பிடித்தாள்.

"கொஞ்சம் மெதுவா நடவுமப்பா, எனக்கு இளைக்குது."

இன்று கொப்பியில் இருபது நிமிடம்தான் எழுதினேன். அதில் ஒரு நிமிடமும் பொய்யில்லை.

இனி என்னை றோட்டில் கண்டால் மறிக்காதீர்கள், கூட நடந்து வாருங்கள். கதைக்கு நான் பொறுப்பு.