ஏழு ஊர்தான் வந்தது

ஏழெட்டு வருடம் இருக்கும். சேலம் அஸ்தம்பட்டியில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. மொத்தமே நாலு பேர். பதினோரு மணிக்குக் கீழேயிருந்து பப்ஸ் வாசனை வந்தால் வேலை அப்படியே நின்றுவிடும். இன்று பெங்களூரில் ஏழாவது மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த வாசனைக்கு மனசு ஏங்கத்தான் செய்கிறது.

சுற்றுவட்டாரத்தில் எட்டு ஊர் கிளினிக்குகளுக்கு, மருந்துச் சீட்டு அச்சடிக்கும் மென்பொருள் செய்து கொடுத்திருந்தோம். ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொரு மாதிரி கேட்பார் என்பதால், மென்பொருளில் ஊருக்கு ஒரு தனிப் பிரதி; அதைக் கிளை என்போம். பெயரும் ஊர்ப் பெயர்தான். சங்ககிரிக்குச் சங்ககிரிக் கிளை. அந்த மழைக்காலத்தில் ஒரு தப்பு கண்ணில் பட்டது. அந்த வாரம் புதிதாக வந்த, வீரியம் கூடிய காய்ச்சல் சிரப்புக்கும் பழைய சிரப்பின் அளவையே அச்சடித்தது. அதாவது, குழந்தைக்கு இரண்டு மடங்கு மருந்து.

ஒற்றை வரியில் திருத்தி, எட்டுக் கிளையிலும் சேர்த்தேன். எல்லா ஊருக்கும் போட்டாச்சு என்று முதலாளியிடம் சொன்னபோது, காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறைதான்.

மறுநாள் காலை, புதிதாகச் சேர்ந்திருந்த ராசிபுரத்துப் பெண் மெல்லக் கேட்டாள். "அண்ணா, எல்லாத்துலயும் இருக்குதான்னு ஒருக்கா பாத்துரலாமுங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. ஒரு திருத்தம் எந்தெந்தக் கிளையில் இருக்கிறது என்று கேட்க ஒரு கட்டளை உண்டு. தட்டினேன். எட்டு ஊரும் வரிசையாக வந்தன. "போதுமா தாயி?" என்று நக்கலடித்தேன்.

"இது உங்க கம்ப்யூட்டர்ல இருக்கறதுங்கண்ணா. கிளினிக்குக்குப் போறது சர்வர்ல இருந்துதானுங்களே? அங்க கேளுங்க."

கேட்டேன். ஏழு ஊர்தான் வந்தது. வெண்ணந்தூரைக் காணோம். கடைசிக் கிளையை என் கணினியில் சேர்த்த கையோடு, சர்வருக்கு ஏற்றாமலேயே பப்ஸ் தின்ன இறங்கியிருக்கிறேன்.

சத்தம் போடாமல் இப்போது ஏற்றிவிட்டால் யாருக்குத் தெரியும் என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குள் அவள் கிளினிக்குக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்துவிட்டாள். நர்ஸம்மா எடுத்தார். திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னேன்.

"வெய்யுங்க சாமி. அந்த மருந்து வாங்குன அம்மா, இப்பத்தான் கொழந்தையத் தூக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனாங்க."

முதல் வேலையாக வெண்ணந்தூர்க் கிளையைச் சர்வருக்கு ஏற்றினேன். பிறகு இருபது நிமிடம். நாங்கள் இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது அடித்தபோது எடுக்கவே பயமாக இருந்தது.

"பஸ்ஸு வரலீங்க," என்றார் மூச்சு வாங்க. "சீட்டைத் திருத்திக் குடுத்துட்டேன். கொழந்தைக்கு இன்னும் ஒரு சொட்டுக்கூட ஊத்தலீங்க. வேற ஆருக்கும் அந்த மருந்து போகலீங்க."

மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். "மறைக்காம கூப்புட்டுச் சொன்னீங்களே, அது போதுமுங்க," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்றவளை நிமிர்ந்து பார்க்கவே கூசியது.

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும். யாருக்குத் தெரியும் என்று நான் நினைத்த அந்த அரை நிமிடத்துக்காக, முகம் தெரியாத அதனிடம் மன்னிப்புக் கேட்க இன்றும் மனசு துடிக்கிறது.