விட்டுத் தொலைக்காத பரமு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வாழ்க்கையில் முதல்முறையாகக் கோர்ட்டில் கூண்டேறி நின்றேன். பதற வேண்டாம்... சாட்சிக் கூண்டுதான்.

எதிர்த்தரப்பு வக்கீல் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க பத்திரிகையில எழுதுறவங்கதானே?"

"ஆமாங்க."

"கதை எழுதுவீங்களோ?"

"இல்லீங்க. நடந்ததை மட்டும்தான்."

வழக்கு முடியும்வரை இதைப் பற்றி ஒரு வரி எழுதக் கூடாது என்று எங்கள் வக்கீல் கட்டளை போட்டிருந்தார். போன வெள்ளிக்கிழமை முடிந்தது. சம்பந்தப்பட்டவளே "தாராளமா எழுதுங்கக்கா" என்று சொல்லிவிட்டாள். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பரமு, கொடைக்கானல் பக்கம் செண்பகனூரில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறாள். வயது நாற்பத்தாறு. பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்துப் பிழைக்கிறாள். பத்தொன்பது வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு விவாகரத்து ஆனவள். ஏன் பிரிந்தார்கள் என்று அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

மாதம் எட்டாயிரம் ரூபாய் ஜீவனாம்சம், ஒவ்வொரு ஐந்தாம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும் என்று கோர்ட் உத்தரவு இருக்கிறது. பள்ளங்கியில் டூரிஸ்டுகளுக்குக் காட்டேஜ் வாடகைக்கு விடும் முன்னாள் கணவர் சேகர் ஐந்து மாதம் ஒழுங்காகக் கொடுத்தார். ஆறாவது மாதம் "சீசன் டல்லு" என்றார். ஏழாவது மாதம் போனையே எடுக்கவில்லை.

பரமு காத்திருந்தாள். பதினான்கு மாதம்.

ஏன் இத்தனை நாள்? சுற்றி இருந்தவர்கள் அப்படி. பழனியில் பூஜை சாமான் கடை வைத்திருக்கும் அவளுடைய சொந்த அண்ணனே சொன்னாராம் – "பிள்ளை குட்டியா இருக்கு? ஒத்தை ஆளுக்கு எதுக்கு எட்டாயிரம்? அவன் காசை வாங்கித் திங்கிறதுக்கு நீ பட்டினி கெடக்கலாம். உனக்குத் தன்மானம் இல்லையா? விட்டுத் தொலை."

ஒரு நாள் காலையில் ஊசியும் நூலுமாக என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கோத்துத் தர வேண்டுமாம். கண்ணில் கோளாறு, ஆபரேஷன் பண்ணியாக வேண்டும், அதுவரை மெஷினில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அப்போதுதான் இந்த எட்டாயிரம் கதையே வெளியில் வந்தது.

"பள்ளங்கியில அந்த காட்டேஜ் இருக்குல்லக்கா, வர்றவங்க போறவங்க போர்த்துன போர்வை எல்லாம் நான் துவைச்சது. மார்கழிப் பனியில, வெள்ளனே எந்திரிச்சு. சமையலும் நானேதான். சம்பளம்னு ஒத்த ரூவா வாங்கினது இல்ல. இப்பக் கேக்குறது பிச்சையாக்கா?"

அழவில்லை. கேள்வியாகத்தான் கேட்டாள்.

மறுநாள் இருவரும் இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனோம். பெண் என்றால் போதும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கிறார்கள். இத்தனை வருஷமாகப் பத்தி எழுதுகிற எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். உங்களுக்கு?

எங்களுக்குக் கிடைத்தவர் நஸீமா. கொடைக்கானல் பஜாரில் மளிகைக்கடை வைத்திருப்பவரின் மகள். சின்ன வயசு, பேச்சில் அப்படி ஒரு வேகம். உத்தரவு நகலை வாங்கிப் பார்த்தவர், விரல் விட்டு எண்ணினார். முகம் சுருங்கியது.

"ஏன்க்கா இவ்வளவு நாள் சும்மா இருந்தீங்க? ஒவ்வொரு மாசப் பாக்கிக்கும், அது குடுக்க வேண்டிய தேதியில இருந்து ஒரு வருஷத்துக்குள்ள மனுப் போட்டாத்தான் வாரண்ட் கேக்க முடியும். முதல் ரெண்டு மாசம் இந்த வழியில போச்சு."

பொறுமைசாலிகளுக்குச் சட்டம் கொடுக்கும் பரிசைப் பார்த்தீர்களா?

"மிச்சம் பன்னெண்டு மாசத்துக்கு என்ன பண்ணலாம்?" என்று கேட்டேன்.

"சம்பளக்காரரா இருந்தா ஆபீஸ்லயே பிடிச்சுத் தரச் சொல்லிக் கேக்கலாம். இவர் அப்படி இல்ல. பொருளை ஜப்தி பண்ணச் சொல்லுவோம். அதுக்கும் மசியலைன்னா, பாக்கி வெச்ச மாசம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு மாசம் வரைக்கும் உள்ள வைக்க முடியும்."

அன்றைக்கே மனு தயாரானது. சேகரும் சும்மா இருக்கவில்லை. எட்டாயிரத்தை இரண்டாயிரமாகக் குறைக்கச் சொல்லி எதிர்மனு போட்டார். காட்டேஜ் அம்மா பெயரில் இருக்கிறதாம், இவர் அங்கே சம்பளமில்லாத வாட்ச்மேனாம். சொத்து, வருமானம் பற்றிய பிரமாணப் பத்திரத்தில் எல்லாக் கட்டத்திலும் ஒரே வார்த்தை – 'இல்லை'.

கோர்ட் வராந்தாவில் பரமுவிடம் நேராகவே வந்து சொன்னார்.

"ஒரு மாசம் உள்ள போய்ட்டு வந்துடுறேன். அத்தோட கணக்கு முடிஞ்சுது. பாத்துக்க."

நஸீமா சொன்னார், "அப்படி முடியாதுங்க. உள்ள இருந்துட்டு வந்தாலும் பாக்கி பாக்கிதான். வக்கீல்ட்டக் கேட்டுப் பாருங்க."

சேகர் போனதும் நஸீமா என்னிடம் திரும்பி, "வருமானம் இருக்குன்னு காட்டணும்கா. வாயால சொன்னாப் பத்தாது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்தேன். பள்ளங்கி காட்டேஜில் ஒரு ரூம் புக் பண்ணினேன்.

"பக்கத்துல இருக்கிற ஊருக்கு யாராச்சும் டூர் போவாங்களா?" என்றார் என் வீட்டுக்காரர். நாங்கள் போனோம். ஒரு நாள் வாடகை மூவாயிரத்து ஐந்நூறு. பணத்தை அனுப்பும்போதே போன் திரையில் பெயர் காட்டியது. வாட்ச்மேன் சேகரேதான்.

நான் செண்பகனூருக்குக் குடிவந்ததே அவர்கள் பிரிந்த பிறகு. நான் யாரென்று வராந்தாவில் அவர் கவனித்ததாகவும் தெரியவில்லை. "எந்த ஊர் மேடம்?" என்று சிரித்துக்கொண்டே வரவேற்றார். சொந்த ஊர் மதுரை என்றேன். அது உண்மை.

காலையில் அவரே டீ கொண்டு வந்து கொடுத்தார். முற்றத்தில் ஒரு ஜீப் நின்றது. பிசினஸ் எப்படிப் போகிறது என்று பேச்சுக் கொடுத்தேன்.

"சனி, ஞாயிறுல ரூம் காலியே கெடையாது மேடம். ஜீப்பும் நம்மளுதுதான், ஆளுங்கள ஏத்திக்கிட்டு வியூ பாயின்ட் போய்ட்டு வரும். எல்லாம் பதினோரு வருஷமா ஒத்தையா நின்னு உண்டாக்கினது."

ஒத்தையா நின்னு.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ரசீது கேட்டேன். ஆபீஸில் கொடுக்க வேண்டுமா மேடம் என்றார். ஓர் இடத்தில் கொடுக்க வேண்டும் என்றேன். அழகாக எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். போர்வையை இப்போது யார் துவைக்கிறார்களோ தெரியவில்லை... ஒரு மாதிரி வாடை.

ஜீப் நம்பரையும் குறித்துக்கொண்டு வந்தேன். நஸீமா விசாரித்ததில் ஆர்.சி. புத்தகம் சேகர் பெயரில் இருந்தது.

அப்புறம்தான் அந்தக் கூண்டு.

"இந்த அம்மாவுக்கு உதவி பண்றதுக்குன்னே போய்த் தங்கினீங்க. அப்படித்தானே?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"ஆமாங்க."

மறுப்பேன் என்று எதிர்பார்த்திருப்பார் போல. கையிலிருந்த காகிதத்தை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"அப்ப இது முழுக்க நாடகம்."

"வாடகை நிஜங்க. நான் கொடுத்தேன், அவர் வாங்கிக்கிட்டார்."

நீதிபதி தலையைக் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை. பரமு மட்டும் பின் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

குறைக்கச் சொன்ன மனு தள்ளுபடி. பன்னிரண்டு மாதப் பாக்கியை இரண்டு வாரத்துக்குள் கட்ட வேண்டும், இல்லையென்றால் ஜீப் ஜப்தி என்று உத்தரவு. சீசன் நேரத்தில் ஜீப் போனால் என்ன ஆகும்? போன வெள்ளிக்கிழமை, கெடு முடிவதற்கு மூன்று நாள் முன்பாகவே, மஞ்சள் பையோடு வந்து நின்றார் சேகர். தொண்ணூற்றாறாயிரம் ரூபாய். பரமு கோர்ட்டிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு கட்டாகப் பிரித்து எண்ணினாள். கண் சரியாகத் தெரியாததால் முகத்துக்குப் பக்கத்தில் வைத்து, நிதானமாக. "சோலி கெடக்கு, வெரசா எண்ணு" என்றார் சேகர். அவள் எண்ணிக்கை விட்டுப்போனது என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

வழக்கு நடந்த மாதங்களுக்கான மனு தனியாகத் தயாராகிறது. கைவிட்டுப் போன அந்த இரண்டு மாதத்துக்கு வேறு வழி உண்டா என்று நஸீமா தேடிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. மளிகைக்கடைக்காரர் பாக்கி கேட்டால் அவரிடம் தன்மானம் இல்லையா என்று யாராவது கேட்கிறோமா? வீட்டு ஓனர் வாடகை கேட்டால் விட்டுத் தொலை என்கிறோமா? பெண்ணுக்குச் சேர வேண்டியது என்றால் மட்டும் எங்கிருந்து வருகிறது இந்தத் தன்மானப் பாடம்? கோர்ட் உத்தரவைப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டு ஊர் என்ன சொல்லுமோ என்று உட்கார்ந்திருக்கும் சகோதரிகளே... ஊர் எதையாவது சொல்லிக்கொண்டேதான் இருக்கும். காலண்டரைப் பாருங்கள். ஒரு வருஷம் சீக்கிரம் ஓடிவிடும்.

கோர்ட் படியிறங்கும்போதே பரமு கண் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுத் தேதி வாங்கினாள். வைத்த கையோடு மணி அடித்தது. பழனி அண்ணன். செய்தி அதற்குள் மலையிறங்கிவிட்டது. ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"எல்லாம் வந்துருச்சாமே ஆத்தா. நல்லது. அம்புட்டுக் காசை வச்சுக்கிட்டு ஒத்தையில என்ன பண்ணப் போற? ஒரு அம்பதைக் கைமாத்தாக் குடு. விசாகம் முடிஞ்சதும் தந்துடுறேன்."

பரமு நடையை நிறுத்தவே இல்லை.

"மனுப் போடுங்கண்ணே. பாக்கலாம்."