சும்மா உட்கார்ந்திருந்த குழந்தையம்மாள்

விரட்டிவிட்டோம் என்று யார் சொன்னது? பக்கத்து வீட்டுப் பங்காரம்மா சொன்னாளாம், ஆர்.எஸ்.புரத்துக்காரர்களிடம். அவர்கள் மருமகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். எங்கள் வீட்டில் பிள்ளை பார்த்துக்கொண்ட குழந்தையம்மாளை வேலைக்கு வைக்கலாமா என்று அவளிடம் விசாரித்திருக்கிறார்கள். “கொழந்தைய அழ உட்டுட்டுச் சும்மா உக்காந்திருப்பா, அதான் அனுப்பிச்சுப்போட்டாங்க” என்று திருப்பி அனுப்பிவிட்டாள். ஒருத்தி பிழைப்பில் மண் அள்ளிப் போடுகிற பேச்சு அது. நடந்ததைச் சொல்கிறேன், அவர்களுக்குக் கொடுத்தனுப்ப அப்படியே எழுதிக்கொள் கண்ணு.

குழந்தையம்மாள் வெள்ளகோவில்காரி, ஆட்டுப் பட்டியில் வளர்ந்தவள். என் பேரன் ஹர்ஷாவுக்குப் பெண் பிறந்த பத்தாம் நாள் பீளமேட்டுக்கு வந்தாள். அப்போது எங்கள் வீடு வீடாகவே இல்லை. பாப்பாவுக்குப் பகல் எது, ராத்திரி எது என்று தெரியாது. பெற்றவள் மௌனிகாவோ போனில் அலாரம் வைத்து, தூங்குகிறதை எழுப்பிப் பால் கொடுப்பாள். குடித்தது, தூங்கினது, அழுதது எல்லாவற்றுக்கும் ஹர்ஷா போனில் கலர் கலராகப் புள்ளி வைப்பான். கடுகு டப்பாவைத் தட்டிவிட்ட மாதிரி இருக்கும்.

எடை நன்றாக ஏறுகிறது, இனி எழுப்ப வேண்டாம், பசித்தால் கொடு என்று டாக்டரம்மா சொன்ன பிறகும் மௌனிகாவுக்கு அலாரத்தை நிறுத்தப் பயம்.

“ரெண்டு பட்டி ஆட்டை ஒண்ணா அடைச்சா மொத நாள் ஒரே கத்தலுங்க அம்மணி” என்றாள் குழந்தையம்மாள். “நாம உள்ள பூந்து பிரிச்சா இன்னும் கத்தும். எட்டு நாள் போனாப் பாருங்க, எது எங்க படுக்கோணும்னு அதுகளே வெச்சிருக்கும்.”

“எம் புள்ள ஆடாங்கக்கா?”

“ஆடு இத்தனை சத்தம் போடாதுங்க.”

பிரசவத்துக்குப் பிறகு மௌனிகா சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

விடிந்தால் ஜன்னல் திரையை விலக்குவாள் குழந்தையம்மாள். சாயங்காலமானால் விளக்கைக் குறைப்பாள், டிவியை அணைப்பாள். என் சீரியலும் போனது. பால் குடித்து, துணி மாற்றி, அப்புறமும் பாப்பா அழுதால் மடியில் போட்டு உட்கார்ந்துகொள்வாள். கிலுகிலுப்பை ஆட்டமாட்டாள். “ஏதாச்சும் செய்யேன்” என்று நானே திட்டியிருக்கிறேன், மறைக்கவில்லை. அழுகைதான் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். மடி எப்படித் தெரியும்?

மூன்றாம் மாதம் ஹர்ஷா போனைக் கொண்டுவந்து காட்டினான். சிதறிக் கிடந்த புள்ளியெல்லாம் வரிசை கட்டியிருந்தது. ராத்திரிப் பக்கம் தூக்கத்துக்கு நீலப் பட்டை, நடுவில் பாலுக்கு ஒரே ஒரு இடைவெளி. பகலில் பால் குடித்ததற்கு விட்டு விட்டு மஞ்சள். “யாரும் செட் பண்ணலீங்க அவ்வா, அதுவா வந்திருக்கு” என்றான். எனக்குப் படிக்கத் தெரியாது. புள்ளியைப் பார்க்கப் படிப்பு எதற்கு?

நாலு நாள் கழித்து, காலை பத்து மணி இருக்கும், பாப்பா சிணுங்கியது. குழந்தையம்மாள் எழுந்திருக்கவில்லை. மௌனிகா போனைப் பார்க்காமலே, “பசியில்லீங்கக்கா, தூக்கம் வருது” என்று தோளில் போட்டாள். சொன்னபடியே தூங்கியது.

குழந்தையம்மாள் கொடியில் கிடந்த தன் சேலைகளை மடித்துப் பையில் வைத்தாள்.

“இன்னும் ஒரு மாசம் இரேன்” என்றேன்.

“இருந்தா அம்மணி எம் மூஞ்சியப் பாத்துப் பாத்துக் கேக்குமுங்க. இப்பப் பாப்பா மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சுக்குது. நான் வாரேனுங்கம்மா.”

கடைசியாக ஒருமுறை காட்ட, பாப்பாவைத் தூக்கப் போனாள் மௌனிகா.

“எழுப்பிப்போடாதீங்க அம்மணி” என்று கையமர்த்தினாள். செருப்புச் சத்தம் கேட்குமென்று அதைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு வாசலைத் தாண்டிப் போனாள்.