பிரஸ் ஷாப்பில் மாடிஃபையர் வகுப்பு

வெளிநாட்டு கஸ்டமர் அனுப்பும் ஆடிட்டர் மெஷின்களைச் சோதிக்க வருகிறார் என்று தெரிந்ததும், காக்களூரில் நான் சூப்பர்வைசராக இருக்கும் கம்பெனியில் எங்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு வைத்தார்கள். ஷிப்ட் முடிந்து, கேன்டீனில். நான் எட்டாவது வரை படித்தவன். பெருமாளை நினைத்துக்கொண்டு முன் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பாடம் மாடிஃபையர், அதாவது எது என்று குறிப்பிட்டுக் காட்டும் அடைச்சொல். "பக்கெட்" என்றால் எந்த பக்கெட்டும் ஆகலாம். "ரெட் பக்கெட்" என்றால் கேன்டீன் பக்கெட். "ரெட் பக்கெட் வித் எ ஹோல்" என்றால் ஒழுகுகிற அந்த ஒன்றுதான். அவரவர் மெஷினை வைத்து இப்படி ஒரு வாக்கியம் பழகி வரச் சொன்னார் டீச்சர்.

இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் ஓட்டும் கஸ்தூரி ஊத்துக்கோட்டைப் பக்கம். கான்ட்ராக்ட். ஆடிட் நல்லபடியாக முடிந்தால் பர்மனென்ட் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அதனால் ஷேர் ஆட்டோவில்கூட வாக்கியத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

"இன்னாம்மா, லண்டனுக்கே போய்டுவ போலக்கீதே" என்பார் கூட வரும் வெல்டர்.

அவள் மெஷினில் கை உள்ளே போகாமல் தடுக்கும் சேஃப்டி கார்டு கழன்று ஆடியது. கம்பியால் கட்டியிருந்தோம். சரிசெய்யக் கேட்டேன், இந்த ஆர்டர் போகட்டும் என்றார் மேனேஜர். வெள்ளிக்கிழமை பூஜையில் அந்த மெஷினுக்கு மட்டும் கற்பூரம் கொஞ்சம் கூடுதலாகக் காட்டுவேன்.

ஆடிட்டர் வந்தார். உன் மெஷின் எது என்று கஸ்தூரியைக் கேட்டார். அவள் தடுமாறாமல் சொன்னாள்.

"திஸ் இஸ் மை ஓல்டு பவர் பிரஸ் வித் எ லூஸ் சேஃப்டி கார்டு."

ஆடிட்டர் குனிந்து கம்பியைப் பார்த்தார். டீச்சர் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அவர் கார் கிளம்பியதும் மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"இன்னா சார், தப்பா சொல்லிட்டனா?" என்றாள் கஸ்தூரி.

"தப்பா சொல்லியிருந்தா பரவால்லம்மா."

நாளையிலிருந்து இவள் வேண்டாம் என்று என்னிடம் சொன்னார்.  என் வீட்டில் கல்யாண வயதில் மகள் இருக்கிறாள், வேலை போனால் கஷ்டம். இருந்தும் சொன்னேன்.

"அவ கை உள்ள மாட்டியிருந்தா அவ ஊட்ல போய் நாம இன்னா சார் சொல்றது? அனுப்புறதுன்னா என்னையும் சேர்த்து அனுப்பிடுங்க."

நாளைக்குப் பார்க்கலாம் என்று மேனேஜர் எங்களை வெளியே அனுப்பினார். மறுநாள் ஆடிட்டரிடமிருந்து மெயில் வந்தது. கார்டைச் சரிசெய்யுங்கள், மறுபடி வருவேன், அதே பெண்ணிடம்தான் பேசுவேன் என்று. அன்றே கார்டுக்குப் புது போல்ட் வந்தது. இங்கிலீஷ் வகுப்பு நின்றது.

மறு ஆடிட்டில் கஸ்தூரி "லூஸ்" என்பதை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அப்படியே சொன்னாள். பெருமாள் புண்ணியத்தில் பர்மனென்ட் ஆனாள்.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மெஷின் எப்படி இருக்கிறதோ, அந்தச் சொல்லைச் சேர்த்தே சொல்லுங்கள். சொல் பிடிக்காதவர்கள் மெஷினைச் சரிசெய்யட்டும்.