தீதிக்குக் கொடுத்த பரங்கிப் பூக்கள்

கல்யாணமாகி நான் இந்தத் தீவில் புரோத்ராபூருக்கு வந்த புதிதில், கப்பல் வந்தால்தான் நல்ல காய்கறி கிடைக்கும். அதனால் ஊரிலிருந்து கொண்டுவந்த பரங்கி விதைகளை வீட்டுக்குப் பின்னால் ஊன்றினேன். மழையில் அழுகியது போக ஒரே கொடிதான் தப்பியது. அதில் ஒரு காயாவது முற்றினால்தான் மறுபடி விதை.

கொடி நிறையப் பூத்தது. அடியில் பிஞ்சு இல்லாத பூக்களை வீண் பூ என்று நினைத்தேன். தினமும் காலையில் ஒன்று விடாமல் பறித்து, பக்கத்து வீட்டு வங்காளி அக்காவான தீதிக்குக் கொடுத்துவிடுவேன். அவர் மாவில் தோய்த்துப் பொரிப்பார். என் பிஞ்சுகளோ ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்ந்தன.

"தீதிக்கு பஜ்ஜி, நமக்கு வெறும் இலையா?" என்று கணவர் கேலி செய்வார். எனக்கு அழுகை வரும்.

தீதி திக்லிபூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நான் பூப்பறிக்கவில்லை. ஒரு காலையில், உடம்பெல்லாம் மஞ்சள் பொடியோடு ஒரு தேனீ வீண் பூவிலிருந்து வெளியே வந்து, பிஞ்சுள்ள பூவுக்குள் நுழைந்தது. அந்தப் பிஞ்சு உதிரவில்லை. பச்சையாகப் பருத்தது. அந்தத் துளிப் பொடியிலா இத்தனையும் இருக்கிறது என்று எனக்கு மெய்சிலிர்த்தது. அந்தக் காய் முற்றி விதையும் தந்தது.

திரும்பி வந்த தீதியிடம் சொன்னேன். "அரே பாகல், பைத்தியமே! பாதியைக் கொடியில விட்டுட்டுத்தான் தர்றதா நெனச்சேன்!" என்று இந்தியில் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

இப்போதெல்லாம் பாதிப் பூக்களைக் கொடியிலேயே விட்டுவிடுகிறேன். மழை பெய்து தேனீ வராத காலையில், பிஞ்சில்லாத ஒரு பூவைக் கிள்ளி நானே பிஞ்சுப் பூவில் தொட்டு வைப்பேன். இத்தனை வருடமாகியும், விரலில் ஒட்டிய அந்த மஞ்சள் பொடியை உடனே துடைக்க எனக்கு மனம் வருவதில்லை.