சிறிலின் இரகசியச் சொல்

கிளாக்கர் சிறில் டெலிபோனில் பேசுவதைப் பார்க்க வேண்டும். மறுமுனையில் தோட்டத்துத் துரை என்றால் அடித்துப் பிடித்து எழுந்து நிற்பான். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வான். லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் நாங்கள் ஆபீசுக்குப் போனால் மட்டும் அதே ஆளுக்குத் தலை நிமிராது.

ஹட்டனுக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தை அரசாங்கம் எடுத்த பிறகு, எவனோ துரை மாதிரியே டெலிபோனில் பேசி, பெக்டரியைத் திறக்கவைத்துத் தேயிலைப் பெட்டிகளை லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அதனால் புதுச் சட்டம் வந்தது. துரை வெளியூரிலிருந்து எதைத் திறக்கச் சொன்னாலும் முதலில் இரகசியச் சொல்லைச் சொல்ல வேண்டும். மாதாமாதம் சொல்லை மாற்றித் துரைக்குத் தெரிவிப்பது சிறில் வேலை. அப்பப்பா, அன்றிலிருந்து அவன் நடந்த நடை!

எழுபத்தெட்டு ஆனி மழையில் துரை கொழும்பில் இருந்தார். மாதம் பிறந்ததும் சிறில் பழைய சொல்லை ஒழித்துவிட்டுப் புதுச் சொல்லைத் தபாலில் போட்டான். அது போய்ச் சேர்ந்ததா என்று கேட்கும் புத்தி அந்த மண்டையில் ஏது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் லயத்துக்கு மேலே மலை பிளந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெக்டரிக்கு ஓடினோம். தோட்டத்தில் உறுதியான கட்டடம் அது ஒன்றுதான். இரும்புக் கதவு பூட்டியிருந்தது, சாவி சிறிலிடம். உடைத்தால் பொலிஸ் வரும், வேலை போகும்.

சிறில் கொழும்புக்கு டெலிபோன் எடுத்தான். துரை போட்ட சத்தம் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே எங்களுக்கே கேட்டது.

“தொறந்து விடு மேன்!”

சிறில் விறைத்து நின்றான். தொப்பி கக்கத்தில். “அந்தச் சொல்லு சொல்லுங்க சேர்.”

“கொத்மலை!”

“அது போன மாசத்துச் சொல்லுங்க சேர்.”

இவனே கேட்டு எடுத்த டெலிபோன் கோல், நாள் தவறாமல் இவன் திட்டு வாங்கும் குரல்! துரை கெட்ட வார்த்தையில் இறங்கும்போது லைன் அறுந்தது. சிறில் வெளியே வந்து முடியாது என்று தலையை ஆட்டினான்.

“புள்ளைங்க நடுங்குதுங்கய்யா, தொறங்கய்யா” என்று வீரம்மா காலில் விழுந்தாள்.

“சட்டம்னா சட்டம்தான்.”

த்தூ! வீரம்மாவின் புருசன் ஆண்டியப்பன் அதற்குமேல் கெஞ்சவில்லை. பிள்ளைகளுக்குப் போர்த்தக் கம்பளி எடுத்துவர லயத்துக்குத் திரும்பினான். அவன் தன் வீட்டுக் காம்பராவுக்குள் நுழைந்த நேரம் மலை சரிந்தது.

இரவெல்லாம் மண்ணை வெட்டி, விடிந்த பிறகுதான் அவனை எடுத்தோம். கையில் பிடித்திருந்த கம்பளியிலேயே சுற்றிக் கொண்டுவந்து பெக்டரிப் படியில் கிடத்தினோம்.

அன்றுதான் கொழும்பில் துரைக்குத் தபால் கிடைத்திருக்கிறது. ஆபீசில் டெலிபோன் அடித்தது. கொஞ்ச நேரத்தில் சிறில் சாவியோடு வந்தான். அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

“துரை சொல்லைச் சரியாச் சொல்லிட்டாரு. இனி எல்லாரும் உள்ள போகலாம்.”

வீரம்மா கம்பளியை விலக்கினாள்.

“இவரும் உள்ள வரணும். இவருகிட்டயும் அந்தச் சொல்லக் கேளுங்கய்யா” என்றாள்.