மேடைப் படம்

ஜூன் 9, திங்கட்கிழமை. மின்சாரம் போவதற்குள் சட்டையைத் தேய்த்து, பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸான மொஹிங்காவைச் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டேன். எங்கள் மாணவர் உதவிச் சங்கத்தின் வரலாற்று மலரை நான்தான் தொகுக்கிறேன். உதவி பெறும் பிள்ளைகளை மேடையேற்றிப் படமெடுத்துக் கோயில் மண்டபத்தில் மாட்டுவது சங்கத்தின் வழக்கம். நல்ல வழக்கம் என்றே நம்பியிருந்தேன்.

நகரின் பபேடான் பகுதியில் தோசைக்கடை வைத்திருக்கும் லெட்சுமி அக்காவிடம் அவர் மகள் செல்வியின் பழைய மேடைப் படத்தைக் காட்டினேன். "மலர்ல போடணும்க்கா. இப்ப என்ன பண்றா?"

அக்காவின் கரண்டி கல்லிலேயே நின்றது.

"படிப்பை அப்பவே விட்டுட்டா தம்பி. இந்தப் படத்தை மாட்டின மறுநாளே, 'தர்மப்பொண்ணு வந்துட்டா'ன்னு கிளாஸே சிரிச்சிச்சாம். அப்புறம் தாய்லாந்துக்கு வேலைக்குப் போனா. ரெண்டு வருசமா ஒரு போன் இல்ல."

கையை இடுப்பில் கட்டியிருந்த பர்மிய லுங்கியில் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கிக்கொண்டார். "புத்தகத்துல போடாதீங்க. எனக்கே குடுத்துடுங்க. அவளோட சின்ன வயசுப் படம் எங்கிட்ட வேற இல்ல."



மறுநாள் காலை முதல் வேலையாகச் சங்கத் தலைவரை அழைத்து, இந்த ஆண்டு மேடை வேண்டாம் என்றேன்.

"மேடை இல்லன்னா எவன்யா நன்கொடை தருவான்?" என்று சிரித்தார்.

மண்டபத்துக்குப் போய், ஏணி போட்டு, படங்களை ஒவ்வொன்றாக இறக்கினேன். அவற்றில் கேமராவை நேராகப் பார்த்த பிள்ளைகள் அதிகம் இல்லை.